ஓர் எழுத்துக்கு ஓர் எண்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மட்டுமே படித்த தாய்க்கும், பட்டணத்தில் வேலை செய்யும் மகனிடமிருந்து கைப்பேசியில் தமிழிலேயே சேதி வருகிறது. இந்த வசதி தானாக வந்துவிடவில்லை, வாசகர்களே!

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். 1990களில் தமிழ் மென்பொருள் செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்தை உருவாக்கினார். எல்லாம் அரிய உழைப்பே. ஆனால், ஒன்றில் எழுதிய கடிதம் இன்னொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது.

ஆகவே கூடிப் பேசினார்கள். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999இல் சென்னையில் கூடியபோது 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. அதில் உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடி 'உத்தமம்' என்ற அமைப்பைக் கண்டார்கள். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும் கூடினார்கள்.

எண் பற்றிய இழுபறி எளிதில் தீரவில்லை. முடிவில், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையே நிலைத்தது. அதில் 'க' எழுத்தின் எண் 2965. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே எண்தான்.

தான் செய்ததே சரி என்று ஒவ்வொருவரும் ஒதுங்கி நின்றிருந்தால் இது கைகூடியிருக்குமா?

பெற்றோர்களே, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாதை போட்டாயிற்று, நடப்பது நம் பொறுப்பு.