மூச்சுக் காற்றில் நரம்பு நோய் தெரியுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரு கருவியில் ஊதினால் போதும், பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களைக் கண்டறிந்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பில் உலகெங்கும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. கோலாலம்பூரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூச்சுப் பரிசோதனை செய்யப்பட்டதும் உண்மை. ஆனால் அதன் நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

நரம்புச் சிதைவு நோய்கள் என்பவை எவை?

மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் உள்ள உயிரணுக்கள் படிப்படியாகச் செயலிழந்து அழிவதால் வரும் நோய்கள் இவை. நினைவாற்றலைப் பாதிக்கும் அல்சைமரும், உடல் அசைவைப் பாதிக்கும் பார்க்கின்சனும் அவற்றுள் முதன்மையானவை. மலேசியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு, அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கணித்தது.

மூளையில் உள்ள நோய் மூச்சில் எப்படித் தெரியும்?

வெளிவிடும் மூச்சில் நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, நீராவி தவிர, மிக நுண்ணிய அளவில் நூற்றுக்கணக்கான ஆவிப் பொருள்களும் உள்ளன. உயிரணுக்கள் சிதையும்போது உண்டாகும் சில பொருள்கள் இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகின்றன. ஒவ்வொரு நோய்க்கும் இப்பொருள்கள் தனியொரு கலவையாக அமையும் என்ற அடிப்படையில்தான் ஆய்வுகள் நடக்கின்றன.

ஆய்வுகளில் இதுவரை என்ன தெரிய வந்துள்ளது?

இஸ்ரேலின் டெக்னியான் கழக ஆய்வாளர்கள் 57 பேரின் மூச்சை நுண்ணுணரிகளால் சோதித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அல்சைமர் நோயாளிகளை நலமுடையவர்களிடமிருந்து 85 விழுக்காடும், பார்க்கின்சன் நோயாளிகளை 78 விழுக்காடும் சரியாகப் பிரித்தறிய முடிந்தது. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 1,404 பேர் பங்கேற்றனர். பார்க்கின்சன் உட்பட 17 நோய்களைப் பிரித்தறிவதில் 86 விழுக்காடு துல்லியம் கிடைத்தது.

85 விழுக்காடு துல்லியம் போதாதா?

நோயுள்ளவரையும் இல்லாதவரையும் 85 விழுக்காடு சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை, 60 வயதுக்கு மேற்பட்ட 1,000 பேரிடம் நடத்துவதாகக் கொள்வோம். மேற்கண்ட 8.5 விழுக்காட்டின்படி நோயுள்ளவர்கள் 85 பேர். அவர்களில் சுமார் 72 பேரைச் சோதனை கண்டுபிடிக்கும், 13 பேரைத் தவறவிடும். நோயில்லாத 915 பேரில் சுமார் 137 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறான முடிவு வரும். அதாவது, ‘நோய் உண்டு’ என்று முடிவு பெறும் சுமார் 209 பேரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு உண்மையில் நோய் இராது.

கோலாலம்பூரின் மலாயா பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடந்த மூச்சுப் பரிசோதனை எது?

அது பார்க்கின்சனைக் கண்டறிவதற்கான சோதனை அல்ல. நோய் ஏற்கெனவே உறுதியானவர்களின் குடலையும் இரைப்பையையும் ஆராய்ந்த சோதனை. மலச்சிக்கல் போன்ற குடல் கோளாறுகள் பார்க்கின்சனின் அசைவு அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றக்கூடும். முக்கிய மருந்தான லெவோடோபா சிறுகுடல் வழியாகத்தான் உடலில் சேர்கிறது. ஆகவே குடலிலும் இரைப்பையிலும் உள்ள கிருமிகளுக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு உண்டா என்பதே ஆய்வின் கேள்வி.

அந்த ஆய்வுகளின் முடிவு என்ன?

2014இல் வெளியான ஆய்வில் 103 நோயாளிகள் இடம்பெற்றனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சிறுகுடலில் கிருமிகள் மிகையாகப் பெருகியிருந்தன. 2015இல் வெளியான ஆய்வில், 102 பேரில் 32.4 விழுக்காட்டினருக்கு இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தது. கிருமி இருந்தவர்களின் உடல் அசைவுத் திறன் மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்பட்டது.

அப்படியானால் கிருமியை ஒழித்தால் பார்க்கின்சன் குறையுமா?

குறையவில்லை என்பதே இதே குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. கிருமியுள்ள 67 நோயாளிகளில் 32 பேருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்தும், 35 பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. 12 வாரங்களுக்குப் பின் இரு தரப்பினரின் அசைவுத் திறனிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் இரைப்பைப் புண் போன்ற காரணங்களுக்காக மருத்துவர் இச்சிகிச்சையைப் பரிந்துரைப்பது வழக்கம்.

இரைப்பைக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது?

கதிரியக்கம் இல்லாத கார்பன்-13 கலந்த யூரியாவை உட்கொள்ளச் செய்து, அதற்கு முன்பும் சுமார் 30 நிமிடங்களுக்குப் பின்பும் மூச்சு மாதிரி எடுக்கப்படும். கிருமி இருந்தால் யூரியா சிதைந்து, கார்பன்-13 உள்ள கரியமில வாயு மூச்சில் கூடுதலாக வரும். பொதுவாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை 4 வாரங்களுக்கு முன்பும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மருந்துகளை 2 வாரங்களுக்கு முன்பும் மருத்துவர் ஆலோசனையுடன் நிறுத்த வேண்டும். பார்க்கின்சன் மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது.

சாலைத் தடுப்புச் சோதனையில் போலீசார் ஊதச் சொல்லும் கருவியும் நரம்பு நோய்க்கான மூச்சுப் பரிசோதனையும் ஒன்றா?

இல்லை. அக்கருவி மதுவின் அளவை மட்டுமே காட்டும். 2020 அக்டோபர் 23 முதல் மலேசியாவில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம். மது என்பது அறியப்பட்ட ஒரே பொருள் என்பதால் அதை அளப்பது எளிது. நரம்பு நோய்க்கோ பல பொருள்களின் கலவையைக் கணிக்க வேண்டும். உணவு, புகைபிடித்தல், மருந்துகள், அறையின் காற்று ஆகியவையும் அதை மாற்றிவிடும்.

தற்போது பார்க்கின்சனும் மறதி நோயும் எவ்வாறு உறுதிசெய்யப்படுகின்றன?

பார்க்கின்சன் பெரும்பாலும் நரம்பியல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையால் உறுதியாகிறது. அசைவு மந்தமாவதுடன் நடுக்கமோ தசை இறுக்கமோ இருப்பது அதன் அடிப்படை. மறதி நோய்க்கு நினைவாற்றல் சோதனை, குடும்பத்தாரின் விவரம், இரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் ஆகியவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை போன்ற, சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம் என்பதால் இப்பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கு அணுகலாம்? கட்டணம் எவ்வளவு?

முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கை அணுகலாம்; குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்றவற்றுக்குப் பரிந்துரைக் கடிதம் தரப்படும்; அரசாங்க மருத்துவமனைகளின் நிபுணர் பிரிவில் தொடர் சிகிச்சைக்கு 5 ரிங்கிட். உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையின் கட்டணம் வேறு. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அல்சைமர் அறவாரியமும், கோலாலம்பூரில் உள்ள மலேசியப் பார்க்கின்சன் சங்கமும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுகின்றன.

நரம்பு நோய்க்கான மூச்சுப் பரிசோதனை எப்போது பயன்பாட்டுக்கு வரும்?

அதற்கு நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. பல நாடுகளில் பல ஆயிரம் பேரிடம் ஒரே முறையில் சோதித்து ஒரே முடிவு கிடைத்த பிறகே ஒப்புதல் பற்றிய பேச்சு எழும். அல்சைமருக்கு உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியதே 2025 மே மாதத்தில்தான். அந்த அனுமதியும் அறிகுறியுள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டுமே. ஆகவே மூச்சுப் பரிசோதனையால் நரம்பு நோயைக் கண்டறிவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பி, மருத்துவரைக் காண்பதைத் தாமதப்படுத்துவது நோயாளிக்கே இழப்பாகும்.