தேர்வுக்கு ஸ்கிரைப் வருகிறார், பாடத்துக்கு யார் வருகிறார்?

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வெழுத ஸ்கிரைப், அதாவது அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், தர வேண்டும் என்பது இன்று பல கல்லூரி அலுவலகங்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்ற வழிகாட்டு நெறிமுறையும் தெரிந்திருக்கும். அந்தத் தேர்வுக்கு முன்னால் செமஸ்டர் முழுக்க அவர் எப்படிப் படித்தார்? போர்டில் எழுதியதை யார் வாசித்துக் காட்டினார்கள்? விளங்காத பாடத்தை யாரிடம் மறுபடி கேட்டார்? இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஃப்ரெண்ட்ஸ் பார்த்துப்பாங்க சார்."

பார்த்துக்கொள்கிறார்கள்தான். அவர்களுக்கும் இன்டர்னல் இருக்கிறது, அரியர் இருக்கிறது. உதவுகிறவர் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரப் பாடம் போயிற்று. ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியிருப்பதால், சந்தேகத்தைக் கேட்காமலே விழுங்கிக்கொள்கிற மாணவர்களும் உண்டு. மனஸ்தாபம் ஒன்று வந்தால் நட்போடு படிப்பும் நின்றுவிடும்.

சட்டம் இந்தப் பொறுப்பை நண்பர்களின் தலையில் கட்டவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும், தேவைப்படுகிற ஆதரவைத் தனிப்பட்ட முறையிலோ வேறு வகையிலோ தர வேண்டும், பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்கிறது அது. தனிப்பயிற்சி, குறிப்பெடுப்பவர், வாசிப்பாளர், சைகை மொழிபெயர்ப்பாளர் என்று மாணவர்கள் கேட்கக்கூடிய எல்லாமே இந்த வரிகளுக்குள் அடங்கும். "நாங்கள் செல்ஃப் ஃபைனான்ஸ், எங்களுக்கு இது கிடையாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு தரும் 32ஆம் பிரிவுதான் அரசு நிறுவனங்களோடும் அரசு உதவி பெறும் நிறுவனங்களோடும் நின்றுவிடுகிறது. 16ஆம் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்தாலே போதும்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையே என்று தயங்குகிறவர்கள் விகாஷ் குமார் வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள அவருக்கு யு.பி.எஸ்.சி. ஸ்கிரைப் தர மறுத்தது. 40 சதவீத வரம்பைக் காட்டி இந்த உரிமையை மறுக்க முடியாது, ஏற்பாடு ஒவ்வொருவரின் தேவையையும் பார்த்து அமைய வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேவை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சான்று. பார்வையற்ற தமிழ்வழி மாணவருக்கு வாட்ஸ்அப்பில் நோட்ஸ் வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. கண்ணால் பார்ப்பவருக்கு அதில் 'அம்மா' என்று தெரியும். கணினிக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசை. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பக்கம் பக்கமாக இப்படிக் கேட்டால் யாருக்கு என்ன விளங்கும்? செராக்ஸை போட்டோ எடுத்து அனுப்பினால் அதையும் திரைவாசிப்பானால் நேரடியாக வாசிக்க முடியாது. ஆசிரியர் யூனிகோடில் அடித்துத் தந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பணம் எதுவும் செலவில்லாத ஏற்பாடு இது. பார்வையற்றோர் படிக்க ஏற்ற வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே 'காப்புரிமைப் பிரச்சினை வரும்' என்ற பதிலும் செல்லாது.

காதுகேளாத மாணவரின் நிலை வேறு. ஆசிரியர் போர்டைப் பார்த்துத் திரும்பிப் பேசிய கணத்திலேயே உதட்டசைவு போய்விடும். சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ்ப் பாடநூலே இரண்டாம் மொழி. அவருடன் உட்காரும் தனிப்பயிற்சியாளர் பாடத்தோடு சேர்த்து வாக்கியத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அந்த அனுபவம் மற்றக் கல்லூரிகளுக்கு அதிகம் பரவாதது வருத்தமான விஷயம். கற்றல் குறைபாடு உள்ளவர்களோ வெளியில் தெரிவதே இல்லை. 'சோம்பேறி' என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. அவர்களுக்குக் கூடுதல் நேரத்தைவிட, பெரிய அசைன்மென்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து வாராவாரம் கூட உட்காரும் ஒருவர்தான் அதிகம் உதவுவார்.

தனிப்பயிற்சி ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்? துறையில் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். பயிற்சி தருபவர் மேல் வகுப்பு மாணவராகவோ முனைவர் பட்ட ஆய்வாளராகவோ இருக்கலாம். ஆனால் நாளும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும், அவர் வராத நாளுக்கு மாற்று ஆள் வேண்டும், அந்த உழைப்புக்கு மதிப்பூதியம் தர வேண்டும். சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி ஓடும் திட்டம் தேர்வு நெருங்கும்போது காணாமல் போகும். பயிற்சியாளர் விளக்கலாம், வாசிக்கலாம், கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அசைன்மென்டை அவரே எழுதித் தந்தால் மாணவர்மேல் காப்பியடித்த பழி விழும். மாணவரின் மருத்துவ விவரம் வகுப்பில் பேசுபொருளாகக் கூடாது. மாணவிகள் தனியறையில் இல்லாமல் நூலகம் போன்ற பொது இடத்தில் பயிற்சி கேட்டால் அதை மறுக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க ஆசிரியர், ஊழியர், மாணவர், பெற்றோர் அடங்கிய குழுவைக் கல்லூரிதோறும் அமைக்க முடியுமா என்று ஆராயும்படி 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் யு.ஜி.சி.யிடம் சொன்னது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழுவோ, சமவாய்ப்பு மையமோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதன் பொறுப்பாளர் பெயர்ப் பலகையில் மட்டும் இருந்தால் முதல்வரிடம் நேரே போங்கள்.

வாய்வார்த்தையாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை. என்ன குறைபாடு, எந்தப் பாடத்தில் என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் நகலோ மருத்துவச் சான்றோ இணைத்துக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்த படி, யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழு. அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. புகார் கொடுக்க வழக்கறிஞர் வைத்தாக வேண்டிய கட்டாயமில்லை. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இந்தப் படிகளில் ஏற நாளாகும், செமஸ்டரோ சில மாதங்களில் முடிந்துவிடும். எனவே வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.