காவல் கேமராவே களவு போனால்?

ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரக்கிளை ஒடிந்து விழுவதும் கரண்ட் போவதும் சகஜம். அதனால்தான் சென்னையில் இருக்கும் என் மொபைலில் அதிகாலை 2.47 மணிக்கு "கேமரா ஆப்லைன்" என்று வந்திருந்த செய்தியைப் பார்த்தும் நான் கவலைப்படவில்லை. ஆறு மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்.

"தம்பி, வாசல்ல மாட்டுன கேமராவைக் காணோம்ப்பா. வயரு மட்டும் தொங்குது."

அப்பா காலமான பிறகு அம்மா தனியாக இருக்கிறார் என்பதற்காக 2,800 ரூபாய்க்கு நான் வாங்கி மாட்டிய வை-பை கேமரா அது. வீட்டைக் காவல் காக்க வைத்ததையே தூக்கிக் கொண்டு போய்விட்டார்கள். கோபத்தில் மொபைல் அப்ளிகேஷனைத் திறந்து, "இந்தக் கேமராவை நீக்கு" என்ற பட்டனை அழுத்தப் போனேன். நல்ல வேளையாக அழுத்தவில்லை. சாப்ட்வேர் துறையில் இருக்கும் எனக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், புதிதாகக் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் காலையில் நான் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் வரிசையாகத் தருகிறேன்.

கேமராவுடன் போனவை என்ன?

வீட்டு வை-பை கேமரா ஒன்று திருடு போனால், அதனுடன் இன்னும் இரண்டு போகின்றன. ஒன்று, உள்ளே இருக்கும் மெமரி கார்டு. பல கேமராக்கள் இதில் சாதாரண வீடியோ பைல்களாகவே பதிவு செய்கின்றன. கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு, கேமரா தன் நினைவகத்தில் வைத்திருக்கும் உங்கள் வை-பை பாஸ்வேர்ட்.

கார்டில் எத்தனை நாள் பதிவு இருக்கும்? ஒரு சிறு கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10.8 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு என்றால் ஐந்தாறு நாட்கள். அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி அமைத்திருந்தால் இன்னும் பல நாட்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா தினமும் காலை ஆறரை மணிக்குத் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்புவார். கதவைப் பூட்டி, சாவியைத் திண்ணையோரம் கிடக்கும் ஆட்டுக்கல் குழியில் போட்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பப் பதினொரு மணி ஆகும். இவ்வளவும் அந்தக் கார்டில் நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது!

"அம்மா, இன்னைக்குத் தோட்டத்துக்குப் போகாதீங்க. முதல்ல பூட்டை மாத்துங்க" என்றேன். "ஒரு கேமரா போனதுக்கு பூட்டை எதுக்குய்யா மாத்தணும்?" என்றார். விளக்கியதும் சற்று நேரம் பேசவே இல்லை. அன்று மதியத்துக்குள் புதுப் பூட்டு வந்தது. ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்தது.

எனவே வாசகர்களே, கேமராவின் விலையைப் பற்றி நினைப்பதற்கு முன், அது எதையெல்லாம் பார்த்தது என்று யோசியுங்கள். சாவி வைக்கும் இடம், கேட்டில் போடும் எண் பூட்டு, நீங்கள் வெளியே போகும் நேரம் எதுவானாலும் அதை முதலில் மாற்றுங்கள்.

அவசரப்பட்டு நீக்காதீர்கள்

அப்ளிகேஷனிலிருந்து கேமராவை ஏன் நீக்கக் கூடாது? இரண்டு காரணங்கள். கிளவுட் எனப்படும் இணையச் சேமிப்பு வசதி உங்களிடம் இருந்தால், கேமராவை நீக்கும்போது அதிலுள்ள வீடியோக்களும் அழிந்து போகலாம். அடுத்ததாக, பல நிறுவனங்களின் கேமராக்கள் முதலில் பதிவு செய்தவரின் கணக்குடன் பிணைக்கப்பட்டிருக்கும். அவர் விடுவிக்காத வரை வேறொருவர் தன் கணக்கில் சேர்க்க முடியாது. நீங்களே நீக்கிவிட்டால், திருடியவருக்கு அந்தப் பூட்டைத் திறந்து கொடுத்தது போலாகும்.

முதலில் அப்ளிகேஷனில் உள்ள கடைசி வீடியோக்களை டவுன்லோட் செய்திடுங்கள். கேமரா ஆப்லைன் ஆன நேரத்தையும் சீரியல் எண்ணையும் காட்டும் திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திடுங்கள். பின்னர் கேமரா கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தவும். சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் தெரிவித்து வைக்கலாம்.

வை-பை பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி?

வீட்டு இணைப்பில் உள்ள கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில ரௌட்டர்களில் இது 192.168.0.1 ஆக இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் சரியான எண்ணும், யூசர் நேம் மற்றும் பாஸ்வேர்டும் இருக்கும்.

உள்ளே சென்றவுடன் எதையும் மாற்றிவிட வேண்டாம். இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் உங்கள் கேமராவின் மேக் முகவரி இன்னும் இருக்கலாம். இது பன்னிரண்டு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட அடையாளம். கேமராவின் அட்டைப் பெட்டியிலும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி இந்தத் திரையைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பின் வை-பை பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிவி, பிரிண்டர், மொபைல் என எல்லாவற்றிலும் புதிய பாஸ்வேர்டைத் தர வேண்டியிருக்கும்; சற்று சிரமம்தான்.

பக்கத்து வீட்டைக் கேளுங்கள், இன்றே!

எதிரே இருந்த மளிகைக் கடையின் கேமராவைப் பற்றி எனக்கு மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. அதற்குள் அதன் ஹார்ட் டிஸ்க்கில் பழைய பதிவின் மீது புதியது எழுதப்பட்டுவிட்டது. இது நான் செய்த தவறு.

2023 பிப்ரவரி 12 அன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏ.டி.எம்.களை வெட்டிக் கொள்ளையடித்த கும்பல், தடயம் கிடைக்காமலிருக்க இயந்திரங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. ஆனாலும் வேறு இடங்களில் இருந்த கேமராக்களின் பதிவுகள் காவல்துறைக்கு உதவின. சில நாட்களிலேயே கைதுகள் நடந்தன. உங்கள் கேமரா போனாலும் தெருவில் உள்ள மற்ற கேமராக்கள் பார்த்திருக்கும். அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

கிடைத்த வீடியோவை வெட்டவோ, வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே ஆதாரமாக வைக்கவோ வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். மூல பைலை அப்படியே பென் டிரைவில் வாங்குங்கள். நீதிமன்றம் வரை சென்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழும் தேவைப்படும்.

காவல் நிலையத்தில் என்ன சொல்வது?

புகாரில் கேமராவின் மாடல், சீரியல் எண், மேக் முகவரி, விலை, பில் நகல், ஆப்லைன் ஆன நேரம், எந்த இடத்தில் மாட்டியிருந்தது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். விலையும் இடமும் ஏன் முக்கியம்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 303(2)-ல் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைத் தனியாக வைக்கிறது. முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. இவ்வகைத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாது. வீட்டுக்குள் நடக்கும் திருட்டு இதில் சேராது. அது பிரிவு 305-ன்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. ஆகவே கார்டு, அடாப்டர், உடைந்த பொருட்கள் என எதையும் விடாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் வாங்கி வைத்திடுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகல் இலவசம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் தரலாம். கார்டில் இருந்த காட்சிகளை வைத்து யாராவது மிரட்டினாலோ பரப்பினாலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் உடனே பதிவு செய்திடுங்கள். 1930 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

அடுத்த கேமராவை மாட்டும் முன்

* ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில், ஸ்குரூ போட்டுப் பொருத்துங்கள். வயரும் அடாப்டரும் வீட்டுக்குள் இருக்கட்டும்.
* பதிவின் ஒரு பிரதி கேமராவுக்கு வெளியே இருக்க வேண்டும். கிளவுட் அல்லது உள்ளறையில் உள்ள ரெக்கார்டர் அல்லது உங்கள் கம்ப்யூட்டர், எதுவானாலும் சரி.
* மெமரி கார்டை என்கிரிப்ட் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.
* ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் அமைத்து, கேமராவை அதில் மட்டும் இணைத்திடுங்கள். கேமரா போனாலும் முக்கிய பாஸ்வேர்ட் போகாது.
* கேமராவுடன் வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர், மாற்றப்படாத பாஸ்வேர்டுகளைக் கொண்டுதான் ஏராளமான கேமராக்களைப் பிடித்தது.
* அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியும் முன் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்திடுங்கள்.

எங்கள் கேமரா இன்று வரை கிடைக்கவில்லை. புதிய கேமரா இப்போது உயரத்தில் இருந்து தெருவைப் பார்க்கிறது, திண்ணையைப் பார்க்கவில்லை. அம்மா சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். காற்றில் கரண்ட் போய் "ஆப்லைன்" என்று செய்தி வந்தால், எந்த நேரமானாலும் நான் ஒரு போன் செய்து கேட்டுவிடுகிறேன். நீங்களும் இன்றே உங்கள் கேமராவின் பதிவை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு திருடன் தெரிந்து கொள்ளக் கூடாதது எது என்று உங்களுக்கே புரியும்.