போகச் சொன்னார்கள், போகவில்லை

குவாதமாலாவின் தலைநகரம் வெகுகாலம் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 1524-ல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தே அல்வராதோ, கக்சிகேல் மாயர்களின் தலைநகரான இஷிம்சேயில் அதை நிறுவினார். அவர் கேட்ட கப்பம் தாங்காமல் கக்சிகேல்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1527-ல் தலைநகரம் அகுவா எரிமலையின் அடிவாரத்துக்கு வந்தது. 1541 செப்டம்பரில் கொட்டிய மழையில் மலையிலிருந்து சேறும் பாறையும் புரண்டுவந்து ஊரை மூடின. அல்வராதோ இறந்தபின் ஆளுநரான அவர் மனைவி பெயாத்ரிஸ் தே லா குவேவா, பதவிக்கு வந்த ஓரிரு நாளில் அந்தச் சேற்றுக்குப் பலியானார்.

பிழைத்தவர்கள் அருகிலுள்ள பஞ்சோய் பள்ளத்தாக்கில் 1543-ல் குடியேறினார்கள். அதுதான் இன்றைய ஆன்டிகுவா. (கிரிக்கெட்டில் நாம் கேள்விப்படும் ஆன்டிகுவா தீவு வேறு.) சியாபாஸ் முதல் கோஸ்டா ரிகா வரை, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்துதான் ஆட்சி நடந்தது. 1660-ல் அச்சுக்கூடம் வந்தது, 1676-ல் சான் கார்லோஸ் பல்கலைக்கழகம்.

பூமி மட்டும் சும்மா இருக்கவில்லை. 1717, 1751 என்று நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. கட்டுவோர் பாடம் படித்தார்கள்: உயரத்தைக் குறைத்தார்கள், சுவர்களைத் தடிப்பாக்கினார்கள். 1767-ல் முடிந்த லா மெர்சேத் தேவாலயம் அந்த அறிவின் உச்சம். யானைக்கால் போன்ற அதன் குட்டைத் தூண்களுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1773 ஜூலை 29 அன்று ஊரே சரிந்தபோது லா மெர்சேத் நின்றது.

தலைநகரை மாற்றியே தீரவேண்டும் என்றார் தலைமை ஆளுநர் மார்ட்டின் தே மயோர்கா. பேராயர் பெத்ரோ கோர்த்தேஸ் இ லர்ராஸ் எதிர்த்தார். வென்றது ஆளுநர்தான். 1776-ல் இன்றைய குவாதமாலா நகரம் தலைநகரமானது. பழைய ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்தது. கட்டடப் பொருட்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஆனாலும் ஒரு பகுதி மக்கள் நகரவில்லை. இடிபாடுகளுக்கிடையே சமைத்தார்கள், விற்றார்கள், பிள்ளை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி விளைச்சல்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. இடித்துப் புதிதாகக் கட்ட அதிகாரமும் பெரும்பணமும் அங்கே இல்லாததால்தான் பழைய தெருக்கள் பிழைத்தன என்று நான் நம்புகிறேன். 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அந்தத் தெருக்களைத்தான்.

அங்குள்ள கப்புச்சினாஸ் கன்னிமாடத்தைக் கட்டிய தியேகோ தே போர்ரெஸின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கல் சுமந்த மாயர்களின் பெயர்கள் இல்லை. கக்சிகேல் மக்கள் சுற்றுக்கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். சான் அந்தோனியோ அகுவாஸ் காலியெந்தேஸ் பெண்கள் இடுப்பில் கட்டும் தறியில் நெய்த துணிகளை ஆன்டிகுவா சந்தையில் விற்கிறார்கள்.