துரு போகட்டும், இரும்பு இருக்கட்டும்

சிங்கப்பூரின் வடக்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்திருக்கிறது கிராஞ்சி. நீர்த்தேக்கம், போர் நினைவகம், பண்ணைகள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் தொழிற்கூடங்களும் வாகனப் பட்டறைகளும் உள்ளன. அருகில் கடல் இருப்பதால் காற்றில் உப்பு கலந்திருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். செடிகொடிகளுக்கு இது நல்ல சூழல்; இரும்புக்கோ இது பகை. திறந்தவெளியில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பழைய காரின் கதவோரத்தைப் பார்த்தாலே அது புரியும். சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். விரலால் தட்டினால் செம்பழுப்புத் தூள் உதிரும்.

சிங்கப்பூரில் பழைய கார்கள் அரியவை. 1990ஆம் ஆண்டில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்புக்கு வந்தது. சான்றிதழின் தவணை பத்து ஆண்டுகள். அதன்பின் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் காரின் பதிவை நீக்கிவிட வேண்டும். அதனால் பல கார்கள் முதுமை அடையும் முன்பே சாலையை விட்டு மறைந்துவிடுகின்றன. குறைந்தது 35 ஆண்டு பழமையான கார்களுக்கென நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அதன்கீழ் பதிவு செய்யப்படும் காரை ஆண்டில் 45 நாள்கள் மட்டுமே ஓட்டலாம்.

இப்படிப்பட்ட ஒரு காரின் கதவோ பானெட்டோ கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் அந்தப் பாகங்களைச் செய்வதை எப்போதோ நிறுத்தியிருக்கும். ஆகவே, இருக்கும் தகட்டைக் காப்பாற்றுவதே வழி. அந்தத் தகடு ஒரு வெள்ளி நாணயத்தைவிட மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன்மீது படிந்த பழைய சாயத்தையும் துருவையும் நீக்க வேண்டும். தகட்டுக்கும் சேதம் வரக்கூடாது. இது எப்படி முடியும்?

துரு ஏன் நிற்பதில்லை?

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் இந்த வேதிவினை மேலும் விரைவாக நடக்கும். அலுமினியமும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒரு படலத்தை உண்டாக்குகிறது. ஆனால், அந்தப் படலம் இறுக்கமானது. அது ஒரு மூடியைப் போல உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரம் அதன் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மேலும், துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது சாயத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. துருவின்மேல் புதுச் சாயம் பூசினால் நோய் மறையும், தீராது.

சாயத்தை உரித்தல்

மணலைப் பீய்ச்சியடித்தும் சாயத்தை நீக்கலாம். ஆனால், மணல் மோதும் வேகத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடக்கூடும். உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்கும். பழைய கார்களின் சாயத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைச் சுவாசிப்பது உடலுக்குக் கேடு. இவற்றுக்கு மாற்றாகப் பயன்படுவதுதான் சாயம் உரிக்கும் வேதிக்களிம்பு.

இக்களிம்பு சாயத்தைக் கரைப்பதைவிட ஊதவைக்கிறது என்று சொல்வதே பொருந்தும். காய்ந்த சாயம் நீண்ட மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்த ஒரு வலை. களிம்பிலுள்ள சிறிய மூலக்கூறுகள் அந்த வலைக்குள் புகுந்து இடம்பிடிக்கின்றன. நீரில் ஊறிய பயறு பருப்பதைப்போலச் சாயப்படலமும் பருக்கிறது. பருத்த படலம் தகட்டைப் பற்றியிருக்க முடியாமல் சுருங்கிச் சுருங்கி மேலெழும்புகிறது. பட்டறைகளில் களிம்பைத் தடிப்பாகப் பூசி, அது உலர்ந்துவிடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பார்கள். சாயம் நன்கு சுருங்கியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். பழைய காரில் பல அடுக்குச் சாயம் இருக்கும் என்பதால், இதையே இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும்.

நெடுங்காலமாக இக்களிம்புகளில் டைகுளோரோமீத்தேன் என்ற வேதிப்பொருள் சேர்க்கப்பட்டு வந்தது. அது மிக விரைவாக வேலை செய்யும். ஆனால், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத அறையில் தாழ்வான இடங்களில் தேங்கிவிடும். அதைச் சுவாசிப்பவரின் உடலில் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் குளியல்தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கும் வேலையில் ஈடுபட்ட தொழிலாளர்கள் சிலர் இதனால் உயிரிழந்தனர். டைகுளோரோமீத்தேன் கலந்த சாயநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்க அந்நாடு 2019ஆம் ஆண்டில் தடை விதித்தது. இன்று பென்சைல் ஆல்கஹால் போன்ற மாற்றுப்பொருள்கள் பயன்படுகின்றன. இவை மெதுவாகவே வேலை செய்யும். ஆயினும், உயிரைவிட நேரம் பெரிதல்ல. எந்தக் களிம்பானாலும் நல்ல காற்றோட்டம், கையுறை, கண்ணாடி, சுவாசக் கவசம் ஆகியவை இன்றியமையாதவை.

புளி சொல்லும் பாடம்

சாயம் போனபின் துரு வெளியே தெரியும். அதை நீக்க அமிலம் வேண்டும். இந்த உத்தி தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று. கறுத்த பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் தேய்த்தால் அது பளபளக்கிறது அல்லவா? புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடுகிறது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் துருவைக் கரைப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோல இந்த அமிலங்கள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் இவற்றைவிடப் பன்மடங்கு வேகமானது. ஆனால், அதற்கு நிறுத்தத் தெரியாது. துரு தீர்ந்ததும் அது நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். அப்போது வெளியாகும் ஹைட்ரஜன், கடினமான எஃகினால் ஆன சுருள்வில், திருகாணி போன்றவற்றுக்குள் புகுந்து அவற்றை எளிதில் முறியச் செய்யும். வேகமான மருந்தே நல்ல மருந்து என்று சொல்லிவிட முடியாது.

பாஸ்பாரிக் அமிலம் வேறொரு நன்மையைத் தருகிறது. அது துருவைக் கரைப்பதோடு இரும்பின்மேல் பாஸ்பேட் படலம் ஒன்றையும் விட்டுச்செல்கிறது. இப்படலம் புதுச் சாயம் நன்கு பற்றிக்கொள்ள உதவும். பாஸ்பேட் இரும்பைக் காக்கும் என்பதற்கு டெல்லியில் ஒரு சான்று நிற்கிறது. குதுப்மினார் வளாகத்திலுள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டு பழமையானது. உயரம் ஏழு மீட்டருக்கு மேல். மழையிலும் வெயிலிலும் நின்றும் அது துருவால் பெரிதாக அரிக்கப்படவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் அதன்மேல் பாஸ்பேட் அடங்கிய காப்புப் படலம் உருவாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணைபுரிந்திருக்கிறது.

மறைவிடத்து அமிலம்

பெரிய தொழிற்கூடங்களில் காரின் உடற்பகுதி முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி எடுக்கும் முறையும் உண்டு. முதலில் சூடான காரக்கரைசல் சாயத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கும். அடுத்த தொட்டியிலுள்ள அமிலம் துருவை நீக்கும். காரச்சோடா அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும். எனவே, அந்த உலோகங்களால் ஆன அலங்காரப் பட்டைகளையும் கைப்பிடிகளையும் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்.

கை எட்டாத இடுக்குகளுக்குள்ளும் புகுந்து சுத்தம் செய்வது இம்முறையின் சிறப்பு. அதன் ஆபத்தும் அதுவே. இரண்டு தகடுகள் மடிந்து சேரும் விளிம்பில் அமிலம் சிறிதளவு தங்கிவிட்டால், புதுச் சாயம் பூசிப் பல மாதங்கள் கழித்து அது கசிந்து வெளியே வரும். செய்த வேலை அத்தனையும் பாழாகிவிடும். அதனால், திரும்பத் திரும்ப நீரால் அலசுவார்கள். எஞ்சிய அமிலத்தை ஆப்பசோடா போன்ற மென்காரத்தால் முறிப்பார்கள். பின்னர், சூடான காற்றால் உலர்த்துவார்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே, உலர்ந்த கையோடு பிரைமர் எனப்படும் அடிப்பூச்சைப் பூசிவிடுவது நல்லது.

நீக்கியது எங்கே போகிறது?

உரித்த சாயமும் துருவைக் கரைத்த அமிலமும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. இந்தத் தீவில் அவற்றை எங்கே விடுவது என்பது பெரிய கேள்வி. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அங்கே பெய்யும் மழை, கால்வாய்கள் வழியாக நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி 1975ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட கிராஞ்சி நீர்த்தேக்கமும் அவற்றுள் ஒன்று. கால்வாயில் கொட்டும் அமிலம் குடிநீருக்கு வரும் நீரில் கலந்துவிடும்.

கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிட்டால் என்ன? கழிவுநீரும் இங்கே வீணாவதில்லை. அது சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டர் ஆகிறது. கிராஞ்சியிலேயே 2003ஆம் ஆண்டு முதல் நியூவாட்டர் ஆலை இயங்கி வருகிறது. அதனால்தான் தொழிற்கூடங்கள் கழிவுநீர்க் குழாயில் விடும் நீரின் அமிலகார அளவு 6க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. நச்சுத் தொழிற்கழிவுகளை உரிமம் பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு காரை அழகாக்குவதற்காக ஊரார் குடிக்கும் நீரைக் கெடுப்பது முறையாகுமா?

பழைய காரைப் புதுப்பிக்கும் கலைஞருக்கு எதை நீக்குவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே கடினமான கேள்வி. தகட்டில் பொறிக்கப்பட்ட எண்கள் அழியக்கூடாது. நல்ல நிலையில் உள்ள முதற்பூச்சை அப்படியே விட்டுவைப்போரும் உண்டு. அந்தக் காலத்து நிறத்துக்கு அதுவே சாட்சி. எந்த அமிலமும் தானாக நின்றுகொள்வதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, தகட்டைத் தடவிப் பார்த்து, போதும் என்று சொல்லும் கை மனிதருடையது.