கவர்னர் மாளிகையும் கஞ்சித் தொட்டியும்

ஈடன் தோட்டத்திற்கு அருகே, ஹூக்ளி நதிக்கு எட்டிய தொலைவில், வங்காளச் சட்டசபைக் கட்டிடம் நிற்கிறது. 1931-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மண்டபத்தைக் கடந்து நாம் அலுவலகத்திற்கும் கடைத்தெருவிற்கும் பலமுறை சென்றிருக்கிறோம். அதனுள் 1943-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நம்மில் பலர் அறிந்திலோம். பட்ஜெட்டு முடிவுறாத நிலையில் ஒரு மந்திரிசபை இரவோடு இரவாக மறைந்தது. அடுத்த சில மாதங்களில் இந்நகரத்துத் தெருக்களில் மக்கள் பட்டினியால் மடிந்து விழுந்தனர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்கப் பஞ்சத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. அரிசி எங்கே போயிற்று, கப்பல்கள் ஏன் வரவில்லை, போர்க்கால மந்திராலோசனையில் யார் என்ன சொன்னார்கள் என்பனவெல்லாம் மிகுதியாக எழுதப்பட்டுவிட்டன. ஆனால் ஆபத்துக் காலத்தில் பொதுப் பணத்தை எடுத்துச் செலவிடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அப்பஞ்சத்தின் நடுவே எவ்வாறு நசுங்கிப்போயிற்று என்பதை எடுத்துரைப்போர் குறைவு. நமக்கு அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது.

முதலில் அக்காலத்துச் சட்டத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குச் சுயாட்சி அளித்ததாகப் பெயர். வங்காளச் சட்டசபைக்கு 250 உறுப்பினர்கள். ஒவ்வோர் இலாகாவுக்கும் மானியக் கோரிக்கை வைத்து, சபை வாக்களித்த பின்னரே பணம் எடுக்கலாம். இவ்வளவும் கேட்பதற்கு இனிமையானவை. ஆயின் மானியக் கோரிக்கை எதுவும் கவர்னரின் சிபாரிசு இன்றிச் சபைக்கு வாராது. கவர்னருக்கு ‘விசேஷப் பொறுப்புகள்’ என்று சில உண்டு; அவற்றின் பொருட்டுத் தேவை என்று கருதினால், சபை மறுத்த தொகையையும் அவரே சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றிற்கும் மேலாக 93-ஆவது பிரிவு என்று ஒன்று. சட்டப்படி ஆட்சி நடத்த இயலாது என்று கவர்னர் கண்டால், கவர்னர் ஜெனரலின் இசைவோடு, சபையின் அதிகாரம் முழுவதையும் தாமே மேற்கொள்ளலாம். சென்னை மாகாணத்தார்க்கு இப்பிரிவு புதிதன்று. 1939-இல் இராஜாஜி மந்திரிசபை பதவி துறந்த பின்னர் 1946 வரை அங்கே நடந்தது 93-ஆவது பிரிவு ஆட்சியே. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்வதில் அச்சட்டத்தை இயற்றியவர்கள் வல்லவர்கள்.

வங்காளத்தில் 1941-ஆம் ஆண்டு இறுதியில் ஏ. கே. பஸ்லுல் ஹக் தலைமையில் ஒரு கூட்டு மந்திரிசபை அமைந்தது. சியாமா பிரசாத் முகர்ஜி அதில் நிதி மந்திரி. கவர்னராக இருந்தவர் சர் ஜான் ஹெர்பர்ட். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களில் நம் தமிழரும் பல்லாயிரவர். கையில் மூட்டையும் காலில் புண்ணுமாக வங்காளத்தின் வழியே ஊர் திரும்பியவர்களின் கதைகளைச் செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் இன்றும் கேட்கலாம். அப்பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் அன்றோடு நின்றது.

எதிரி வங்கக் கரையில் இறங்கினால் அவனுக்கு உணவும் ஊர்தியும் கிடைக்கலாகாது என்று சர்க்கார் முடிவு செய்தது. கரையோர மாவட்டங்களில் மிகுதியாக இருப்பதாகக் கருதப்பட்ட நெல்லும் அரிசியும் வாங்கி அப்புறப்படுத்தப்பட்டன. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் ஏறத்தாழ 66,000 பதிவு செய்யப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி அழிக்கவோ அகற்றவோ பட்டது. ஆறுகளே பாதைகளாக உள்ள கீழை வங்காளத்தில் படகைப் பறிப்பது, நம் ஊரில் உழவனிடம் வண்டியையும் மாட்டையும் ஒருங்கே பறிப்பதற்கு ஒப்பானது. மீனவன், குயவன், நெல் வணிகன் எல்லோரும் ஒரே நாளில் முடவராயினர்.

இவ்வேற்பாடுகள் மந்திரிசபையைக் கலந்து செய்யப்பட்டனவா? இல்லை என்றார் ஹக். 1942 ஆகஸ்டில் அவர் கவர்னருக்கு எழுதிய கடிதத்தில், மந்திரிகளைப் புறக்கணித்துவிட்டு நிரந்தர அதிகாரிகளுக்குக் கவர்னரே நேரில் கட்டளையிடுவதையும், அரிசி வாங்கும் பணியும் அதற்கான பணமும் அவ்வாறே கைமாறியதையும் எடுத்துக் காட்டினார். சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மந்திரி. கட்டளை பிறப்பிப்பவரோ கவர்னர். கணக்கு ஒருவருடையது, கையொப்பம் மற்றொருவருடையது என்றால் அக்குடும்பம் உருப்படுமா?

1942 அக்டோபர் 16-ஆம் நாள், துர்க்கா பூஜைக் காலத்தில், மிதுனபுரி மாவட்டத்தின் கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. கடல் பொங்கி உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 14,500 மக்களும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகப் பின்னர் விசாரணைக் கமிஷன் குறித்தது. தாம்லுக், காந்தி வட்டாரங்கள் அப்போது ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் கொதிநிலமாக இருந்தன. அதனால் புயல் பற்றிய செய்தியே பத்திரிகைகளில் வாராதபடி இரண்டு வார காலம் தடுக்கப்பட்டது. கலகம் செய்த மக்களுக்கு நிவாரணம் சற்றே தாமதிக்கட்டும் என்ற மனப்போக்கு மாவட்ட நிர்வாகத்தில் இருந்ததாக முகர்ஜி குற்றஞ்சாட்டினார். நிதி மந்திரியாக இருந்தும் நிவாரணத்தை உரியபடி நடத்த முடியவில்லை, கவர்னரின் தலையீடு பொறுக்கக்கூடியதன்று என்று கூறி அவர் நவம்பரில் பதவி துறந்தார். புயலில் வீடிழந்தவனுக்கு ஓலையும் உப்பும் அனுப்புவதற்கு, கஜானாவின் சாவியைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஒருவரால் இயலவில்லை என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1943 பிப்ரவரியில் மிதுனபுரியில் நடந்த அட்டூழியங்களை விசாரிக்கக் குழு அமைப்பதாக ஹக் சட்டசபையில் வாக்களித்தார். சபையில் மந்திரி ஒருவர் வாக்களிப்பது வியப்புக்குரிய செயலன்று. கவர்னரோ, தம் எண்ணத்திற்கு மாறாக அவ்வாறு சொல்லியது ஏன் என்று விளக்கம் கேட்டு எழுதினார். தாம் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்று ஹக் பதில் எழுதினார். அதன் பிறகு இருவருக்கும் இடையே நாள் கணக்குத்தான் மிச்சம்.

மார்ச்சு 28-ஆம் நாள் மாலை கவர்னர் மாளிகைக்கு ஹக் அழைக்கப்பட்டார். அங்கே அவருக்காகத் தட்டெழுத்தில் ஒரு ராஜிநாமாக் கடிதம் ஆயத்தமாக இருந்தது. அதில் அவர் கையொப்பமிட்டுத் திரும்பினார். அவர் சபையில் பெரும்பான்மையை இழந்திருக்கவில்லை. மறுநாள் சபை கூடியபோது மானியக் கோரிக்கைகள் பல வாக்கெடுப்புக்குக் காத்துக் கிடந்தன. அவற்றை முன்மொழிய மந்திரி ஒருவரும் இல்லை. சபாநாயகர் சையது நௌஷேர் அலி சபையை ஒத்திவைத்தார். நிதியாண்டு முடிய இரண்டு நாள்களே இருந்தன. மார்ச்சு 31-ஆம் நாள் கவர்னர் 93-ஆவது பிரிவைப் பிரகடனம் செய்தார். மாகாணத்தின் வரவு செலவு அவருடைய கையொப்பத்தினால் நிறைவேறிற்று. 250 பேர் கூடி விவாதித்து முடிக்க வேண்டிய காரியம் ஒரு பேனாமுனையில் முடிந்தது. அது எந்த ஆண்டுக்கான பட்ஜெட்டு? வங்காளம் தன் வரலாற்றிலேயே நிவாரணப் பணம் மிகுதியாகத் தேவைப்பட்ட ஆண்டுக்கானது!

முந்திய டிசம்பரில் கல்கத்தாவில் அரிசி மணு ஒன்றுக்கு 13, 14 ரூபாய். மே மாத இறுதிக்குள் 30 ரூபாயைத் தாண்டிற்று. ஏப்ரல் 24-இல் காஜா நாஜிமுத்தீன் தலைமையில் புது மந்திரிசபை பதவியேற்றது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சட்டசபையும் முற்றும் தூயதாக இருக்கவில்லை. 25 ஐரோப்பிய உறுப்பினர்கள் சாய்ந்த பக்கம் மந்திரிசபை சாய்ந்தது. கட்சி மாறுவோர்க்கும் குறைவில்லை. உணவு மந்திரி எச். எஸ். சுஹ்ரவர்தி பற்றாக்குறையே இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே கவர்னர் ஒருவரே பஞ்சத்திற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மாகாணம் மத்திய சர்க்காரையும், மத்திய சர்க்கார் இலண்டனையும் நோக்கிக் கைகாட்டிய காலம் அது.

அவ்வாண்டு சட்டசபையில் எதிர்க்கட்சியினர் வற்புறுத்திய காரியம் ஒன்று உண்டு: வங்காளத்தைப் பஞ்சப் பகுதி என அறிவியுங்கள் என்பது. அந்த அறிவிப்பின் பெருமையைத் தமிழர் நன்கு உணரக்கூடும். 1876-78-இல் நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று பெயரிட்டழைத்த கொடுமையில் சென்னை மாகாணமும் மைசூரும் இலட்சக்கணக்கில் உயிர்களை இழந்தன. அதன் விளைவாக அமைந்த 1880-ஆம் ஆண்டுக் கமிஷனின் பயனாகவே மாகாணந்தோறும் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உண்டாயிற்று. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்துவிட்டால், வேலை செய்யக்கூடியவனுக்கு வேலை, இயலாதவனுக்கு இலவச உணவு, அதுவும் இவ்வளவு என்று அளந்து கொடுத்தாக வேண்டும். அதாவது சேலத்திலும் பெல்லாரியிலும் மாண்டவர்களின் எலும்பின் மீது எழுதப்பட்ட சட்டம் அது. 1943-இல் வங்காளத்தில் அது விரிக்கப்படாமலே கிடந்தது. ஹெர்பர்ட் நோயுற்றதால் செப்டம்பரில் தற்காலிகக் கவர்னராக வந்த சர் தாமஸ் ரதர்போர்டு, விதித்த அளவு உணவைக் கொடுப்பதற்குத் தானியம் இல்லாததால்தான் விதித்தொகுப்பைப் பிரயோகிக்கவில்லை என்று வைஸ்ராய்க்கு எழுதினார். கடன் கொடுக்க முடியாதவன் கடன் பத்திரத்தையே எழுத மறுத்த கதை.

ஆகஸ்டிற்குள் கிராமத்தார் கூட்டங்கூட்டமாக இந்நகரத்திற்கு நடந்து வந்துவிட்டனர். வீட்டு வாயில்களில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. ‘ஃபேன் தாவ், மா’ என்றே கேட்டார்கள். ஃபேன் என்பது வடிகஞ்சி. சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. ஆகஸ்டு 22-இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் நடைபாதைகளில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அக்டோபரில் புது வைஸ்ராய் வேவல் நேரில் வந்து பார்த்தபின் இராணுவம் உணவு வழங்கும் பணியில் இறங்கிற்று. உட்ஹெட் கமிஷன் சாவுக் கணக்கைச் சுமார் 15 இலட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை 20 முதல் 30 இலட்சம் வரை உயர்த்துகின்றனர்.

சட்டசபை தன் அதிகாரத்தை ஒரே ஒரு முறை முழுவதும் பயன்படுத்தியது, அதுவும் காலங்கடந்து. 1945 மார்ச்சு 28-இல் விவசாய மானியக் கோரிக்கை 106-க்கு 97 என்ற வாக்கில் தோற்கடிக்கப்பட்டது. மறுநாள் நௌஷேர் அலி, மந்திரிசபை சபையின் நம்பிக்கையை இழந்துவிட்டது, இனி இச்சபை தொடர இயலாது என்று தீர்ப்பளித்து நாள் குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். அப்போதைய கவர்னர் ரிச்சர்டு கேஸி செய்தது என்ன? மீண்டும் மார்ச்சு மாத இறுதி, மீண்டும் 93-ஆவது பிரிவு, மீண்டும் கையொப்ப பட்ஜெட்டு. அடுத்த ஆண்டு தேர்தல் வரை கவர்னரே ஆண்டார்.

இன்றைய அரசியலமைப்பில் இதற்கு என்ன வழி செய்யப்பட்டிருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். 267-ஆவது விதியின்படி மாநிலத்திற்கு எதிர்பாராச் செலவு நிதி ஒன்றைச் சட்டசபை ஏற்படுத்தலாம். புயலோ வெள்ளமோ வந்தால், சபை கூடும்வரை காத்திராமல் அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். அந்நிதி கவர்னர் பொறுப்பில் இருப்பதாக எழுதப்பட்டிருந்தாலும், அவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். செலவைப் பின்னர்ச் சபை அங்கீகரிக்க வேண்டும். 93-ஆவது பிரிவின் வாரிசாகிய 356-ஆவது விதி இருக்கவே இருக்கிறது. அவ்வாட்சியில் மாநிலத்தின் பணத்திற்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது ஒரு பெரிய வேறுபாடு. ஒரு மந்திரிசபைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைக் கவர்னர் மாளிகையில் அன்று, சட்டசபையில்தான் காண வேண்டும் என்று 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அது ஐம்பத்தோராண்டு முன்னரே சொல்லப்பட்டிருந்தால், ஹக்கின் மேசை மேல் அத்தட்டெழுத்துக் கடிதம் வந்திராது.

ஹக்கின் பிற்கால வரலாறு சுவையானது. தேசப் பிரிவினைக்குப் பின் 1954-இல் கீழை வங்காளத்தின் முதன் மந்திரியானார். இரண்டு மாதங்கூட நிறையுமுன், 93-ஆவது பிரிவின் பாகிஸ்தானியத் தம்பியாகிய 92-ஏ பிரிவைக் கொண்டு கராச்சி அவரை நீக்கிற்று. 1956-இல் அதே மாகாணத்திற்கு அவரே கவர்னராக்கப்பட்டார். 1958-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள், கவர்னர் ஹக், அதாவுர் ரஹ்மான் கான் மந்திரிசபையைக் கலைத்துவிட்டுத் தமக்கு வேண்டியவரைப் பதவியில் அமர்த்தினார். சில மணி நேரத்திற்குள் கராச்சியிலிருந்து உத்தரவு வந்தது: கவர்னர் ஹக் பதவி நீக்கம்.