படமும் பார்வையும் – 9: ஜனங்கள் இல்லாத வீதிகள்

1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லூயி தாகேர், குதிரைகளும் வண்டிகளும் ஓயாது சென்றுகொண்டிருந்த ஒரு பெருவீதியை மேல்மாடி ஜன்னலிலிருந்து படம் பிடித்தபோது, தகட்டில் பிம்பம் பதியப் பல நிமிஷங்கள் பிடித்த காலமாதலால், நடந்தவரும் ஓடியவரும் வண்டியேறிப் போனவரும் அடியோடு மறைந்துபோக, பாதரக்ஷைக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து அசையாது நின்ற ஒரு மனிதர் மட்டுமே உருவம் பெற்றார். பழைய வீதிப் படங்களைச் சித்திரக்காரர்கள் ஏன் தேடித் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு, என் மனசுக்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையில் எடுத்த படங்களுள் பிளாக்பர்ன் விளக்குத்தூணின் படமும் ஒன்று. கோட்டை மதிலை இடிப்பித்து ஊர் விரிய வழிசெய்த கலெக்டரின் ஞாபகார்த்தமாக எழுந்த அத்தூணின் பெயராலேயே இன்றளவும் வழங்கும் அவ்விடத்தில், தீபாவளிக்கு முந்திய வாரம் ஜவுளி வாங்க வரும் கூட்டத்தில் கால் வைக்க இடமிராது. டிரைப்பின் படங்களிலோ கல்லும் சுண்ணாம்பும் நிழலும் அற்புதமான நுட்பத்தோடு விளங்க, ஜனங்கள் அபூர்வம். வானம் வெறிச்சென்று பதிவதைப் பொறாமல் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டியவர் அவர்; வீதிக்கு மனிதரைத் திருப்பித் தரும் வேலையைப் பின்னால் வரும் கலைஞர்களுக்கு விட்டுச் சென்றார் என்றே நான் கொள்கிறேன்.

ஆகவே, இளம் சித்திரக்காரர்களே, பழம் படத்திலுள்ள கட்டடத்தை நகலெடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். நிழல் சாய்ந்திருக்கும் விதத்தைக் கொண்டு வேளையை அறியுங்கள். திண்ணையோரம் புகைபோல ஒரு கறை படிந்திருந்தால், அது படம் எடுத்த நேரத்தில் நிற்காமல் நகர்ந்துபோன ஓர் ஆளின் சுவடாக இருக்கலாம். அவர் தலையில் கூடை இருந்ததா, கையில் குழந்தை இருந்ததா என்று யோசிக்கத் தொடங்கும் க்ஷணத்தில் உங்கள் சித்திரம் பிறந்துவிடுகிறது.

1936-இல் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை நாளுக்கு நாள் குறுகிவந்த நிலையிலும், தாம் பிள்ளைப் பிராயத்தில் கண்ட 1940-களின் மதுரையைப் பேனாவும் மையும் கொண்டு, மனசிலிருந்தே எடுத்து வரைந்தார். அந்தக் கோட்டோவியங்களை டிரைப்பின் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊரின் இரண்டு பாதிகளும் சேர்ந்துவிடும்.

பெருநகரங்களின் படங்களைக் காப்பாற்ற நூலகங்களும் மியூசியங்களும் உண்டு. எங்கள் படாளம், மதுராந்தகம், செங்கற்பட்டு போன்ற ஊர்களின் வீதிகளுக்கு வீட்டுப் பரண்தான் கதி. கல்யாண ஊர்வலப் படத்தின் ஓரத்தில் கடைத்தெருவோ, சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றி நிற்கும் வண்டிகளோ விழுந்திருந்தால், பின்புறத்தில் தெருவின் பெயரையும் ஆண்டையும் மென்மையாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எவரேனும் கேட்டு வந்தால் பிரதி எடுத்துக்கொள்ளக் கொடுங்கள். அசலை மட்டும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள்.